பின்னாலிருந்து வந்த குரல்



கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். நீல மையில் இரண்டு பக்கம். சென்ற இதழின் சிறுகதையைப் பற்றி ஆரம்பித்தவர், நடுவிலேயே பேச்சை மாற்றி மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். பையன் ஹாக்கி ஆடுகிறான். கோல்கீப்பர். அவர்கள் அணியில் இப்போது அவன்தான் வயதில் மூத்தவன்.

"கோல் அடித்த பையன்கள் பெயர் பேப்பரில் வருகிறது சார். இவன் பெயர் வருவதே இல்லை. இந்த வருஷம் கேப்டனாகவும் இவனைப் போடவில்லை, இவனுக்குப் பின்னால் வந்த பையனைப் போட்டிருக்கிறார்கள். மேட்ச் முடிந்து வந்தால் தொண்டை கட்டிப்போய், பேச்சே வராமல் உட்கார்ந்திருக்கிறான். பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிக் கொடுக்கிறேன். போதும்டா, படிப்பைப் பாரு என்று சொல்லிவிடலாமா என்று மனசு அடித்துக்கொள்கிறது."

இந்தக் கடிதத்தை நான்கைந்து தடவை படித்துவிட்டேன். நான்கு வரியில் பதில் போட்டு முடிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. அதனால் சகோதரி, இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் உங்களுக்கான பதிலாகவே எழுதுகிறேன். மற்ற வாசகர்கள் உடனிருந்து கேட்கட்டும்.

2023 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி அரையிறுதி, இந்தியாவும் ஜப்பானும். நான் கோல் கம்பத்துக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். இந்திய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்கு அது 300-வது சர்வதேச ஆட்டம். இந்தியா ஐந்து கோல் அடித்தது, ஜப்பானுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஐந்து கோலும் எனக்கு இப்போது மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அவருடைய குரல் மட்டும் அப்படியே காதில் இருக்கிறது.

பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போதும் அந்தக் குரல் ஓயவில்லை. இடது பக்கம் ஒருவன் ஏறிப் போய்விட்டான், பின்னால் இடம் காலியாக இருக்கிறது, நீ இரண்டடி உள்ளே வா, அவனை விடாதே என்று கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார். டிவியில் ஹாக்கி பார்த்தே பழகிய எனக்கு இது புதிது. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து இல்லாத பாதி மைதானத்தில் ஒரு மனிதர் இவ்வளவு வேலை பார்க்கிறார் என்பது நேரில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

ஆடுகிற 11 பேரில் மைதானம் முழுவதையும் எப்போதும் எதிரே வைத்துப் பார்க்கிறவர் கோல்கீப்பர் ஒருவர்தான். மற்ற பத்துப் பேரும் பந்தோடு திரும்புகிறார்கள், முதுகைக் காட்டுகிறார்கள், மூச்சு வாங்குகிறார்கள். தற்காப்பு ஆட்டக்காரருக்குத் தன் முதுகுக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார் என்பது தெரியாது. அவருக்கு அந்த நேரத்தில் கண், பின்னாலிருந்து வரும் குரல்தான். அந்தக் குரலைச் சந்தேகப்படாமல் அந்தக் கணமே கால் நகர வேண்டும். திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொள்ள நேரம் கிடையாது. அப்படி நம்பி நகர்வதற்கு, அந்தக் குரல் பல வருஷம் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். மூத்தவர் ஒருவர் அணியில் இருப்பதன் மதிப்பு எனக்கு அன்றைக்கு அந்த இருக்கையில்தான் புரிந்தது.

பி.ஆர். ஸ்ரீஜேஷ் எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்துக்காரர். விவசாயக் குடும்பம். 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் போனபோது அவருக்கு ஹாக்கியில் பிடிப்பே இல்லை. ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று இருந்த பையனைப் பள்ளிப் பயிற்சியாளர்தான் கோல் கம்பத்துக்கு முன்னால் நிறுத்தினார். கோல்கீப்பருக்கான பேட், ஹெல்மெட் எல்லாம் விலை கூடுதல். அப்பா பசுமாட்டை விற்று அந்தச் சாமான்களை வாங்கிக் கொடுத்த கதையை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கறவை மாடு என்றால் ஒரு வீட்டுக்கு என்னவென்று நம்மில் பாதிப் பேருக்கு விளக்க வேண்டியதில்லை.

2006-இல் கொழும்பு தெற்காசிய விளையாட்டில் முதல்முறையாக இந்திய சீனியர் அணியில் ஆடினார். அதற்குப் பிறகு இடம் உடனே கெட்டிப்படவில்லை. ஏட்ரியன் டிசூசா, பரத் சேத்ரி என்று முன்னால் இரண்டு மூத்த கோல்கீப்பர்கள். பெஞ்சில் உட்கார்வதும், அணிக்குள் வருவதும், வெளியே போவதுமாகச் சில வருஷங்கள் கழிந்தன. அது இந்திய ஹாக்கிக்கும் கெட்ட காலம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியா தகுதியே பெறவில்லை. 1928-இலிருந்து அப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லை. 2012 லண்டனுக்குப் போனார்கள், ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். 12 அணிகளில் 12-ஆவது இடம். ஸ்ரீஜேஷுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக்.

அந்த லண்டன் கசப்பைத் தின்றவர்களில் 2021 டோக்கியோ ஒலிம்பிக்வரை, 2024 பாரிஸ்வரை தாக்குப்பிடித்தவர்கள் மிகக் குறைவு. பின்னால் வந்த பிள்ளைகளுக்குத் தோல்வி என்றால் ஓர் ஆட்டம் போனது. இவருக்குத் தோல்வி என்றால் ஊர் திரும்ப முகமில்லாமல் நின்றது. டோக்கியோவில் ஆஸ்திரேலியாவிடம் 1–7 என்று நொறுங்கிய பிறகு அந்த அணி சிதறிப் போகாமல் எழுந்து நின்றதற்கு, இதைவிட மோசமானதைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் ஓய்வறையில் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

நடுவில் 2014 இன்சியான் ஆசிய விளையாட்டு. இறுதி ஆட்டம் பாகிஸ்தானோடு. ஷூட்-அவுட்டில் ஸ்ரீஜேஷ் இரண்டைத் தடுக்க, 16 வருஷத்துக்குப் பிறகு தங்கம் வந்தது. அதற்கு முந்தைய தங்கம் 1998 பாங்காக்கில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் வந்தது. புனேவுக்குப் பக்கத்தில் கட்கியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை அவர். உடைந்த மட்டையைக் கயிறு சுற்றி ஒட்டவைத்து ஆடி வளர்ந்தவர். நான்கு ஒலிம்பிக் ஆடியவர். தன்ராஜைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுத வேண்டும், இந்தப் பக்கத்தில் அவரை அடக்க முடியாது.

சகோதரி, நீங்கள் எழுதிய கேப்டன் விஷயத்துக்கு வருகிறேன்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஸ்ரீஜேஷ்தான் கேப்டன். அந்த அணியில் மன்பிரீத் சிங்கும் ஹர்மன்பிரீத் சிங்கும் அவருக்குக் கீழே ஆடிய பையன்கள். அடுத்த வருஷம் அஸ்லான் ஷா கோப்பையில் அவருக்கு முழங்காலில் பலத்த அடி. அறுவை சிகிச்சை, பல மாத ஓய்வு. கோல்கீப்பர் வேலையே முழங்காலை மடக்கி நிற்பதும், பக்கவாட்டில் காலை வீசுவதும், விழுந்து எழுவதும்தான். 29 வயதை நெருங்கும்போது முழங்கால் போனால் இனி அவ்வளவுதான் என்று ஊர் பேசும், பேசவும் செய்தது. நடக்கப் பழகி, ஓடப் பழகி, மறுபடி பேட் கட்டி வந்தார். கொஞ்ச நாள் கேப்டனாகவும் இருந்தார். பிறகு கேப்டன் பட்டை மன்பிரீத் கைக்குப் போனது. டோக்கியோவில் மன்பிரீத் கேப்டன். பாரிஸில் ஹர்மன்பிரீத் கேப்டன். தன் தலைமையில் ஆடிய இரண்டு பேருக்குக் கீழே, இரண்டு ஒலிம்பிக்கிலும் ஸ்ரீஜேஷ் சாதாரண ஆட்டக்காரர். அவர் கழுத்தில் விழுந்த இரண்டு ஒலிம்பிக் பதக்கமும் அந்தக் காலத்தில் வந்தவை. கேப்டனாக இருந்தபோது ஒன்றுகூட வரவில்லை.

இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பட்டை இருந்த கை வேறு, நடுராத்திரியில் யாராவது பையனுக்குத் தூக்கம் வராவிட்டால் அவன் போய்த் தட்டுகிற கதவு வேறு. பல அணிகளில் அது இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

என்னை இன்னும் அதிகமாகத் தொட்டது வேறொன்று. பாரிஸுக்கு முந்தைய சில வருஷம் இந்திய அணி ஒரு முறை வைத்திருந்தது. ஹாக்கி ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி. அதில் இரண்டில் ஸ்ரீஜேஷ் நிற்பார், இரண்டில் கிருஷன் பகதூர் பாடக் நிற்பார். பாடக் அவரைவிட ஒன்பது வயது இளையவர், அவருடைய இடத்துக்கு வரப்போகிறவர் என்று எல்லோருக்கும் தெரிந்தவர். உலகத்திலேயே சிறந்த கோல்கீப்பர் என்று விருது வாங்கிய ஒரு மனிதர், ஆட்டத்தின் நடுவில், உடம்பு சூடேறி கண் பந்துக்குப் பழகிய நேரத்தில், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து உட்கார வேண்டும். வியர்வை காய்ந்த பிறகு மறுபடி எழுந்து போய் நிற்க வேண்டும். கோல்கீப்பருக்கு இது எவ்வளவு சங்கடம் என்பதை உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். ஒலிம்பிக் அணியில் மொத்தமே 16 பேர்தான், பொதுவாக ஒரு கோல்கீப்பருக்குத்தான் இடம். டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் அந்த இடம் ஸ்ரீஜேஷுக்குத்தான் போனது, பாரிஸுக்குப் பாடக் மாற்று ஆட்டக்காரராகக் கூடப் போனார். இவ்வளவுக்கும் நடுவில் அந்த இரண்டு பேரும் வருஷக்கணக்கில் ஒரே வலைக்கு முன்னால் மாறி மாறி நின்று, ஒருவருக்கொருவர் பந்து அடித்துக் கொடுத்துப் பழகினார்கள். தன் நாற்காலியில் தானே பாதி இடம் விட்டு இளையவனை உட்காரவைக்கிற மனசு எல்லோருக்கும் வருவதில்லை. நம் அலுவலகங்களில் பார்க்கிறோம், வீடுகளில்கூடப் பார்க்கிறோம்.

இந்த இடத்தில் எங்கள் அச்சகத்து அண்ணாச்சி ஒருவர் நினைவுக்கு வருகிறார். நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் ஆஃப்செட் மெஷினில் அவர்தான் மூத்தவர். போர்மேன் வேறொருவர். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார், திடீரென்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏலே, ரோலர் சத்தம் மாறுது, நிறுத்து" என்பார். நிறுத்திப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். அவர் சொன்ன பிறகு போர்மேன் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. நிறுத்தினார், அவ்வளவுதான். எழும்பூரில் அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு அந்த டம்ளர் கீழே வைக்கிற சத்தமும் கேட்டது.

டோக்கியோவில் 2021 ஆகஸ்ட் 5, வெண்கலத்துக்கான ஆட்டம். ஜெர்மனி 3–1 என்று முன்னால் போய், இந்தியா விரட்டிப் பிடித்து 5–4 ஆக்கியிருந்தது. கடிகாரத்தில் 6.8 விநாடி மிச்சம். ஜெர்மனிக்குப் பெனால்ட்டி கார்னர். 41 வருஷமாக ஒலிம்பிக் ஹாக்கியில் பதக்கம் கிடையாது. கடைசியாக வந்தது 1980 மாஸ்கோ தங்கம், அந்த அணியின் கேப்டன் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன்.

பெனால்ட்டி கார்னர் என்றால் என்னவென்று ஹாக்கி பார்க்காத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தடுக்கிற அணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்டதும் நான்கு பேர் பாய்ந்து ஓடுவார்கள். ஒருவர் அடிக்கிறவரை நோக்கி நேராக, உடம்பில் அடி வாங்கத் தயாராக. ஒருவர் கம்பத்தோரம். யார் எங்கே என்பதை வகுக்கும்போது கோல்கீப்பரின் சொல்லுக்குத்தான் எடை. கம்பத்துக்குக் கம்பம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். டிராக் ஃபிளிக் பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். பார்த்துவிட்டுத் தடுப்பது என்பது அந்த வேகத்தில் நடக்காது. அடிக்கிறவரின் தோளும் காலும் திரும்புகிற விதத்தைப் படித்து, பந்து கிளம்பும்போதே உடம்பு கிளம்ப வேண்டும்.

இந்தப் படிப்பு ஒரு நாளில் வருவதில்லை. 2020-இல் கொரோனா அடைப்பின்போது இந்த அணி பெங்களூரு இந்திய விளையாட்டு ஆணைய (சாய்) வளாகத்திலேயே மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போக முடியவில்லை. பயிற்சியில் ஸ்ரீஜேஷுக்கு எதிரே நின்று அடித்தவர்கள் ரூபிந்தர் பால் சிங்கும் ஹர்மன்பிரீத் சிங்கும், உலகத்தின் கனமான டிராக் ஃபிளிக்காரர்களில் இரண்டு பேர். நாள் தவறாமல் அந்த அடியை வாங்கிய உடம்பு அது. அந்தக் கடைசிப் பந்து வந்தது, ஸ்ரீஜேஷ் தடுத்தார், ஆட்டம் முடிந்தது. பிறகு அவர் கோல் கம்பத்தின் மேலே ஏறி உட்கார்ந்தார். அந்தப் படம் எல்லோர் கண்ணிலும் இருக்கும். அவ்வளவு காலம் தன்னைக் காத்து நின்ற மனிதரை அன்றைக்குக் கம்பம் தோளில் தூக்கிவைத்துக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது. ஊருக்கு வந்து அந்தப் பதக்கத்தை அப்பா கழுத்தில் போட்டார்.

பாரிஸ் இன்னும் கடினம். 2024 ஆகஸ்ட் 4, பிரிட்டனோடு காலிறுதி. 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. பெனால்ட்டி கார்னரில் முதலில் பாய்ந்து ஓடுகிற ஆள் அவர்தான். மீதி 40 நிமிடத்துக்கு மேல் இந்தியா பத்துப் பேரோடு ஆடியது. அன்றைக்கு டிவியில் கேமரா அவர் பக்கம் வந்தபோதெல்லாம், ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு நான் ஸ்ரீஜேஷின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்த நேரமெல்லாம் மூடவில்லை. ஓர் ஆள் குறைந்தால் மைதானத்தில் ஓர் ஓட்டை விழுகிறது, அந்த ஓட்டை ஒவ்வொரு விநாடியும் இடம் மாறுகிறது. அது இப்போது எங்கே இருக்கிறது என்று பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கத்திக்கொண்டே இருந்தார், மற்ற ஒன்பது பேரும் அந்த ஓட்டையை மூடிக்கொண்டே ஓடினார்கள். 1–1 என்று ஆட்டம் நின்றது.

ஷூட்-அவுட்டில் அடிக்கிறவர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு வருவார், எட்டு விநாடிக்குள் முடிக்க வேண்டும். மூன்றாவது பிரிட்டன்காரரின் பந்து மேலே போனது. நான்காவதை ஸ்ரீஜேஷ் தடுத்தார். இந்தியா 4–2. அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோற்று, ஆகஸ்ட் 8 அன்று ஸ்பெயினை 2–1 என்று வென்று வெண்கலம் வந்தது. போட்டிக்கு முன்பே இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பாரிஸ் போயிருந்தார். ஆட்டம் முடிந்ததும் கேப்டன் ஹர்மன்பிரீத், அன்றைக்கு இரண்டு கோலையும் அடித்தவர், தன் பழைய கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஹாக்கி இந்தியா 16-ஆம் எண் சட்டையைச் சீனியர் அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது.

2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை நம் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இந்தியப் பிள்ளைகளுக்கு அப்போது பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ். காலிறுதியில் பெல்ஜியத்தோடு 2–2, ஷூட்-அவுட். கோல் வாயிலில் பிரின்ஸ்தீப் சிங் என்ற இளைஞன். வாழ்நாளெல்லாம் தான் நின்ற இடத்தில் வேறொரு பிள்ளை நிற்க, கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பது எப்படி இருந்திருக்கும்! பிரின்ஸ்தீப் தடுத்தான், இந்தியா வென்றது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1–5. அடுத்து அர்ஜென்டினாவோடு வெண்கல ஆட்டத்தில் இரண்டு கோல் பின்னால் இருந்து, நான்கு கோல் அடித்துப் பதக்கம் வாங்கினார்கள். 1–7-க்குப் பிறகு எப்படி எழுந்திருப்பது என்று அறிந்த ஒருவர் அவர்கள் பக்கத்தில் இருந்தார்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாக எழுதிய ஒரு வரிக்குத்தான் நான் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தேன். மேட்ச் முடிந்து வந்தால் தொண்டை கட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கோல் வாயிலில் சும்மா நிற்கிற பையனுக்குத் தொண்டை கட்டாது. தனக்கு முன்னால் ஆடுகிற பத்துப் பேருக்கும் அவன் கண்ணாக இருந்துவிட்டு வருகிறான். புதுக் கேப்டனையும் சேர்த்துத்தான்.

பால் காய்ச்சிக் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். படிப்பையும் பார்க்கட்டும், ஸ்ரீஜேஷேகூடப் பரீட்சைக் கருணை மதிப்பெண்ணை நினைத்துத்தான் ஹாக்கிக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த மேட்ச் என்றைக்கு, எந்த கிரவுண்டில் என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள். கோவில்பட்டி எனக்குத் தூரமில்லை. நான் வந்து கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்